நீரை ஏற்றுதலும் இறக்குதலும்



படகுக்குள் தண்ணீர் புகுந்தால் அதை இறைத்து வெளியே கொட்டுவதுதான் உலகெங்கும் படகோட்டிகள் தொன்றுதொட்டு அனுசரித்து வரும் தர்மம். ஆனால் அமெரிக்காவில், ஃபுளோரிடா மாகாணத்து ஆர்லாண்டோ நகரைச் சுற்றியுள்ள ஏரிகளின் கரையில் ஒரு விடுமுறை நாளன்று நின்று பார்த்தால், விலையுயர்ந்த, ஓட்டை உடைசல் ஏதுமற்ற படகுகளின் சொந்தக்காரர்கள் கரையை விட்டுச் சிறிது தூரம் சென்றதும் ஒரு சுவிட்சைத் தட்டி, ஏரித் தண்ணீரை நூற்றுக்கணக்கான லிட்டராகத் தங்கள் படகுக்குள் தாங்களே ஏற்றிக்கொள்வதைக் காணலாம். இந்த விநோதச் செயலுக்குக் காரணம் என்ன, இதற்குரிய சாதனங்களைப் படகுக் கம்பெனியிடம் வாங்காமல் தம் கையாலேயே அமைத்துக்கொள்கிறவர்கள் எதில் கவனம் செலுத்துகிறார்கள், எதைக் கவனியாது விடுகிறார்கள் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

1922ஆம் ஆண்டு மின்னசோட்டா மாகாணத்துப் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர், இரண்டு பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, விசைப்படகு இழுத்த கயிற்றைப் பற்றியபடி நீர்மேல் சறுக்கிக் காட்டினார். அன்று பிறந்த நீர்ச்சறுக்கு விளையாட்டுக்கு எல்லாவற்றையும்விட வேண்டியது சமதளமான நீர். மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில் வளைந்து வளைந்து பாய்கிறவனுக்குப் படகின் பின்னால் எழும் அலை ஒரு தடைக்கல்லே ஆகும். ஆகையால் அமெரிக்கப் படகுச் சிற்பிகள் பல பத்தாண்டுக் காலம், அலைத்தடம் எவ்வளவுக்கெவ்வளவு தணிந்திருக்குமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்ற ஒரே நோக்கத்துடன் படகின் அடிப்பகுதியைச் செதுக்கிச் செதுக்கிச் செம்மை செய்தார்கள். அந்த உழைப்பு ஏறத்தாழப் பூர்த்தியான வேளையிலே, 1985இல், கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் டோனி ஃபின் என்பவர் கடலலைச் சறுக்குப் பலகை போன்ற ஒன்றைப் படகின் பின்னே இழுக்கச் செய்து, அதற்கு ‘ஸ்கர்ஃபர்’ என்று பெயரிட்டு விற்கத் தொடங்கினார். 1990இல் ஹெர்ப் ஓ’பிரையன், நீருக்குள் எளிதில் அமிழ்த்திக்கொண்டு கிளம்பக்கூடிய ‘ஹைப்பர்லைட்’ பலகையைக் கொண்டுவந்தார். வேக்போர்டு என்று இன்று நாம் அழைக்கும் விளையாட்டு இவ்வாறு உருவாயிற்று. இதில் ஈடுபட்டவர்களோ, முன்னவர்கள் எதை ஒழிக்கப் பாடுபட்டார்களோ அதையே கேட்டார்கள்: அலை வேண்டும், உயரமான அலை வேண்டும், அதன் உச்சியிலிருந்து எகிறி ஆகாயத்தில் கரணம் போட வேண்டும்! 1997இல் ஆர்லாண்டோவின் கரெக்ட் கிராஃப்ட் நிறுவனம் இவ்விளையாட்டுக்கென்றே பிரத்தியேகமாக ஒரு படகை வெளியிட்டது. ஆயினும் அலையைத் தணிக்கவென்று பிறந்த பழைய படகுகள் ஆயிரக்கணக்கில் ஏரிகளில் இருந்தன. இன்றும் குறைந்த விலைக்குக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வாங்கியவர்கள் அவற்றின் ஜன்ம சுபாவத்தை மாற்றுவதற்குக் கண்ட வழியே நீர்ப்பாரம்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் காலத்திலிருந்து நாம் அறிந்த நியதி. படகு வேகமெடுக்கும்போது அடிப்பலகையின் மீது மோதும் நீர் அதை மேலே தூக்குகிறது என்றாலும், அது கடந்து போன இடத்தில் நீரில் ஒரு பள்ளம் விழத்தான் செய்கிறது. அப்பள்ளத்தை நிரப்ப இரு புறத்திலிருந்தும் விரைந்து வரும் நீரே படகின் பின்னால் இரண்டு வரப்புகளாக எழுந்து விரிந்து செல்கிறது. எடை கூடினால் பள்ளம் ஆழமாகும்; பள்ளம் ஆழமானால் வரப்பு உயரும். மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில், சுமார் 20 மீட்டர் நீளக் கயிற்றின் முனையில் வருகிற ஆட்டக்காரன் ஒரு வரப்பில் ஏறி எகிறி, மறு வரப்பைத் தாண்டிப் போய் இறங்குகிறான். பாரம் எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முழுவதையும் பின்புறத்தில் வைத்தால் அலை செங்குத்தாகவும் குறுகலாகவும் எழும். படகின் முன்புறமான அணியத்திலும் ஒரு பங்கை வைத்தால் அதன் சரிவு நீண்டு, ஏறுவதற்கு இதமாகும். அதோடு, முன்பாரம் இல்லாத படகு மூக்கை ஆகாயத்துக்கு உயர்த்திக்கொண்டு ஓட்டுகிறவரின் பார்வையையே மறைத்துவிடும். ஏரியில் நீந்துகிற குழந்தையின் தலை அவருக்குத் தெரியாது.

பாரத்துக்கு நண்பர்களைக் கூட்டமாக ஏற்றிக்கொள்ளலாம். அதுவே ஆதி வழி, உல்லாசமான வழியுங்கூட. மணல் மூட்டைகளை அடுக்கியவர்கள் உண்டு. ஈயக் கட்டிகளை அடுக்குகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் தண்ணீருக்கு வேறெதற்கும் இல்லாத இரண்டு குணங்கள் இருக்கின்றன. வேண்டும்போது ஏற்றி வேண்டாதபோது இறக்கிவிடலாம் என்பது ஒன்று. இங்கிலாந்தின் டைன் ஆற்றிலிருந்து லண்டனுக்கு நிலக்கரி கொண்டுபோன கப்பல்கள், திரும்பி வருகையில் வெறுமையால் தடுமாறாதிருக்க மணலையும் சரளைக் கல்லையும் ஏற்றி வந்து, ஊர் சேர்ந்ததும் கூலி கொடுத்து இறக்கிக் கரையிலே குன்றுகளாகக் குவித்தன. 1852இல் ஜாரோ நகரில் கட்டப்பட்ட ‘ஜான் போவ்ஸ்’ என்ற நீராவிக் கப்பல் கடல்நீரையே பாரமாக ஏற்றும் வசதியுடன் பிறந்து, அச்செலவை மிச்சம் பிடித்தது. 1969இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து டோக்கியோ வரை தனியொருவராகப் பாய்மரம் விரித்துச் சென்று பந்தயத்தில் வென்ற பிரெஞ்சு மாலுமி எரிக் தபார்லியின் ‘பென் டுயிக் 5’ படகிலும், காற்று வீசும் பக்கத்துக்கு ஏற்ப மாற்றி நிரப்பிக்கொள்ளும் நீர்த்தொட்டிகள் இருந்தன. ஆகவே ஏரிக்கரை இளைஞர்களின் உபாயம் கௌரவமான பரம்பரையைச் சேர்ந்ததுதான்.

மற்றொரு குணம் இதைவிட மேலானது. தண்ணீருக்குள் அமிழ்ந்த தண்ணீருக்கு எடையில்லை. ஏதோ விபரீதத்தால் படகு மூழ்கத் தலைப்பட்டால், ஈயம் அதைக் கடைசி வரை அடித்தளத்தை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். நீர் நிரப்பிய பையோ நீர்மட்டத்துக்குக் கீழே போனவுடன் நடுநிலைமை வகித்துவிடும். அடித்தட்டில் நுரைப்பஞ்சு அடைத்துக் கட்டப்பட்ட படகு, தன் பாரம் நீராக இருக்கும் வரையில் மிதந்து பிழைக்க இடமுண்டு. ஈயம் இடத்தை அடைப்பதில்லை, சிறிய பெட்டிக்குள் பெரும் எடையைத் தருகிறது என்றெல்லாம் அதன் பக்தர்கள் வாதிப்பார்கள். அந்த வாதத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சாதாரணமாக ஒருவர் செய்துகொள்ளும் அமைப்பை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். படகு 21 அடி நீளம். பின்புறத்தில் எஞ்சின், அதன் இரு பக்கத்துச் சாமான் அறைகளிலும் 340 கிலோ பிடிக்கும் தடித்த வினைல் பை ஒவ்வொன்று, அணியத்து இருக்கையின் கீழ் 180 கிலோ பிடிக்கும் பை ஒன்று. ஆக மொத்தம் 860 கிலோ. பன்னிரண்டு பேர் கண்ணுக்குத் தெரியாமல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம். இருபதடிக்குக் குறைந்த சாதாரண விசைப்படகுகளில், எத்தனை பேர், எவ்வளவு எடை ஏற்றலாம் என்று காட்டும் தகடு இருக்க வேண்டுமென்பது அமெரிக்கச் சட்டம். பெரிய படகுகளிலும் பல கம்பெனிகள் தாமாகவே அதைப் பொருத்துகின்றன. தகட்டின் கணக்கில் தண்ணீரும் பயணியே. இந்தக் கணக்கை மறந்து, பையும் நிறைய, ஆட்களும் நிறையப் போகிறவர்கள், தங்கள் படகு எழுப்பிய அலையையே திரும்பும்போது எதிர்கொண்டு, திறந்த அணியத்தின் வழியாக அதை உள்ளே வரவேற்கிறார்கள்.

பைகளை நிரப்புவதற்குப் படகின் அடியில் ஒரு துவாரம் வேண்டும். நல்ல படகின் அடியில் தன் கையாலே துளை போடுவதற்கு ஒரு மனத்துணிவு வேண்டியிருக்கிறது. அந்தத் துணிவு எளிதில் வராதிருப்பதே க்ஷேமம். துளைக்குமுன் உள்ளே நீள்சட்டங்கள் எங்கே ஓடுகின்றன, பெட்ரோல் தொட்டி எங்கே இருக்கிறது, டிரெய்லரின் தாங்குபலகை எந்த இடத்தில் வந்து படும் என்பவற்றையெல்லாம் அளந்து பார்த்து, முதலில் உள்ளிருந்து ஒரு சிறு வழிகாட்டித் துளையிட்டு, வெளிப்புறத்தில் ஒட்டுநாடா ஒட்டி, பிறகே துளை ரம்பத்தால் வெளியிலிருந்து அறுப்பார்கள். இல்லாவிட்டால் ஃபைபர்கிளாஸின் மேற்பூச்சு சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். சுவருக்குள் பால்சா மரம் வைத்துக் கட்டிய படகானால், அறுபட்ட விளிம்பை எப்பாக்சி பூசி அடைத்தாக வேண்டும்; அடைக்காவிட்டால் மரம் நீரை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே அழுகும். பிறகு வெண்கலக் குழல், பாலியூரித்தேன் பசை, உட்புறத்தில் மூடித் திறக்கும் வால்வு.

இந்த வால்வைச் செலவென்று கருதி விட்டுவிடுகிறவர்களுக்கு ஒரு சிறு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் அகலமுள்ள துவாரம் ஒன்று திறந்து கிடந்தால், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 45 லிட்டர் நீர் உள்ளே பாயும். மணிக்கு 800 காலன் என்று பெட்டியில் அச்சிட்டு விற்கப்படும் பம்பு, எந்தத் தடையும் இல்லாதபோது வெளியேற்றுவது நிமிஷத்துக்கு 50 லிட்டர். அதாவது, ஒரு குழாய் கழன்றுபோனால், அந்த ஓட்டையும் பம்பும் ஏறக்குறையச் சமபலம் உள்ள மல்லர்கள். உண்மையில் ஓட்டைக்கே பலம் அதிகம். ஏனெனில் அதற்குப் பாட்டரி தேவையில்லை, களைப்பும் இல்லை. படகை விட்டுப் போகும்போது வால்வை மூடுவதும், ஒவ்வொரு குழாய்முனையிலும் துருவேறாத எஃகுப் பட்டி இரண்டிரண்டாக இறுக்குவதும் வீண் ஜாக்கிரதை அல்ல.

பம்புகளில் இரண்டு ஜாதி. முதலாவது, மையவிலக்கு விசையால் நீரைத் தள்ளுவது: விலை மலிவு, சிறு கல்லும் தூசியும் இதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால் தானாக நீரை உறிஞ்சிக்கொள்ளாது, ஆகையால் நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று என்று பைக்கு இரண்டு வேண்டும். இரண்டாவது, ரப்பர் இதழ்ச் சக்கரத்தால் நீரைப் பிழிந்து தள்ளுவது: மின்சாரத்தின் திசையை மாற்றினால் இதுவும் திசை மாறிச் சுழன்று, ஏற்றிய குழாய் வழியாகவே இறக்கிவிடும். விலை அதிகம், நீரில்லாமல் ஓடவிட்டால் ரப்பர் இதழ்கள் கருகும். 340 கிலோ நீரை மேற்சொன்ன 800 காலன் பம்பு கணக்குப்படி ஏழு நிமிஷத்துக்குள் ஏற்ற வேண்டும். வளைவுகளும் உயரமும் குழாயின் நீளமும் பங்கு கேட்பதால் பத்து நிமிஷத்துக்கு மேலும் ஆகும்.

இரு ஜாதிக்கும் உள்ள உண்மையான பேதம் பம்பு நின்ற பிறகே வெளிப்படுகிறது. இதழ்ப் பம்பு நின்றால் வழியும் அடைபடும். மையவிலக்குப் பம்பு நின்றாலோ வழி திறந்தே கிடக்கும். மண்ணெண்ணெய்த் தகரத்தில் ரப்பர்க் குழாயை விட்டு ஒரு தடவை உறிஞ்சிவிட்டால் எண்ணெய் தானே இறங்கிக்கொண்டிருப்பது போல, ஏரி நீர் பைக்கும், பை நீர் ஏரிக்கும், உயரத்தின் உத்தரவுப்படி போய் வந்துகொண்டிருக்கும். நிரப்பி வைத்த பை மதியத்துக்குள் பாதியாகியிருக்கும். அல்லது காலிசெய்த பை படகின் ஓட்டத்தில் தானே நிரம்பியிருக்கும். இதைத் தடுக்கக் குழாயை நீர்மட்டத்துக்கு வெகு உயரத்தில் ஒரு வளைவாகத் தூக்கிக் கொண்டுபோய், அதன் உச்சியில் காற்று புகும் வால்வு ஒன்றைப் பொருத்த வேண்டும். பாதி நிரம்பிய பை தனியொரு அபாயம். படகு திரும்பும் பக்கமெல்லாம் நீரும் திரண்டு ஓடி, சாய்ந்ததை இன்னும் சாய்க்கும். பையை அதன் கொள்ளளவு முழுவதும், காற்றில்லாமல், நிரப்புவதே நல்லது. உச்சியிலிருந்து ஒரு போக்குக் குழாயைப் படகின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய் வைத்தால், அதன் வழியே நீர் பீறிடுவது கண்டு நிரம்பியது என்று அறிந்துகொள்ளலாம்.

மின்சார இணைப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, பாட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ், ஒவ்வொரு பம்புக்கும் தனித்தனி ஃபியூஸ். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். எஞ்சின் அறையில் பெட்ரோல் ஆவி தங்கும் இயல்புடையது. அங்கே வைக்கும் எந்தச் சுவிட்சும் எந்த மோட்டாரும் தீப்பொறியை வெளிவிடாத வகையில் மூடப்பட்டவையாக இருக்க வேண்டும். எஞ்சினைக் கிளப்புமுன் நான்கு நிமிஷம் காற்றோட்ட விசிறியை ஓடவிட வேண்டுமென்று அப்படகுகளில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். அந்த விசிறியின் காற்றுவழியை உப்பிய பை அடைத்துக்கொண்டிருந்தால், எழுத்துக்குப் பிரயோஜனமில்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இவ்வமைப்பைச் செய்கிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, “எத்தனை நிமிஷத்தில் நிரம்புகிறது?” என்பதே. என் அபிப்பிராயத்தில் அது இரண்டாந்தரக் கேள்வி. நீர் எங்கும் தானாகவே உள்ளே வரத் தயாராக இருக்கிறது. அதை முழுவதும் வெளியேற்றுவதிலேதான் அமைத்தவனின் சாமர்த்தியம் இருக்கிறது. பை காலியாகிக்கொண்டு வருகையில் அதன் மேல்தோல் இறங்கி வந்து, உறிஞ்சும் வாயின் மீதே படிந்து அதை மூடிவிடும். பம்பு முனகும், நீர் வராது, காலியாயிற்று என்று எண்ணி நிறுத்திவிடுவார்கள். மூலைகளிலும் மடிப்புகளிலும் லிட்டர் கணக்கில் நீர் தங்கியிருக்கும். படகு நகர்கையில் அணியம் உயர்வதால் நீர் பின்மூலைக்கே ஓடும்; ஆகையால் வெளியேற்றும் வாயைப் பையின் பின்புறத்துத் தாழ்ந்த மூலையில் வைத்து, படகு மெல்லச் செல்லும்போதே இறக்க வேண்டும். வட மாகாணங்களில் மிஞ்சிய நீர் குளிர்காலத்தில் உறைந்து பம்பின் கூட்டைப் பிளந்துவிடுவதால், அங்கே உறையாதிருக்கும் இளஞ்சிவப்புத் திரவத்தை அமைப்பு முழுவதும் ஓட்டி வைக்கிறார்கள். பம்பு உடைந்தால் நஷ்டம் சொந்தக்காரருக்கு மட்டும். மிஞ்சிய நீரில் உயிருள்ளது ஏதாவது இருந்துவிட்டால் நஷ்டம் ஏரிக்கு.

கருங்கடல், காஸ்பியன் கடல் பிரதேசங்களைச் சேர்ந்த வரிச் சிப்பி ஒன்று, கடல் கடந்து வந்த சரக்குக் கப்பல்களின் பாரநீரில் பயணம் செய்து, 1988இல் அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் பேரேரிகள் எங்கும் பரவி, குடிநீர்க் குழாய்களையும் மின்நிலையக் குழாய்களையும் அடைத்தது. அதன் உறவான குவாகா சிப்பி 2007 ஜனவரியில் நெவாடா பாலைவனத்து மீட் ஏரியில் தலைகாட்டியது. அங்கே கடற்கப்பல் ஏதும் போவதில்லை. ஏரிக்கு ஏரி டிரெய்லரில் போகும் உல்லாசப் படகுகளே அதற்கு வாகனம் என்று கருதுகிறார்கள். இச்சிப்பிகளின் குஞ்சுகள் கண்ணுக்குப் புலப்படாதவை. பையின் மடிப்பில் நிற்கும் நீரில் பல நாள் உயிரோடிருக்கக் கூடியவை. இது நமக்குச் சம்பந்தமில்லாத அயல்நாட்டுக் கதை அல்ல. எண்ணூரிலும் அதையடுத்த கழிமுகங்களிலும், மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் அமெரிக்கக் கண்டத்துச் சிப்பி ஒன்று ஆற்றின் அடித்தளத்தை மூடிக்கொண்டு, இறாலும் நண்டும் வளரும் இடத்தைப் பறித்துவருகிறது. கப்பல்களின் பாரநீரிலோ அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டோதான் அது வந்திருக்க வேண்டுமென்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். சரக்குக் கப்பல்களின் பாரநீரை ஒழுங்குபடுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2004இல் இயற்றப்பட்டு, 2017இல் அமலுக்கு வந்தது.

உல்லாசப் படகுகளின் விஷயத்தில் ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே விழித்துக்கொண்டுவருகிறது. பாரமேற்றிய படகின் அலை கரையை அரிக்கிறது, அதன் சுழல்விசிறி அடிச்சேற்றைக் கலக்குகிறது என்ற புகார்கள் எழுந்தபோது, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் நீரியல் ஆய்வுக்கூடம் அலைகளை அளந்து பார்த்து, படகின் அலைமீதே சறுக்கும் விளையாட்டுக்கான படகுகள் கரையிலிருந்து 500 அடிக்கு அப்பால் ஓடுவதே தக்கது என்று 2022இல் தெரிவித்தது. வெர்மான்ட் மாகாணம் 2024இல் அதையே விதியாக்கியது: கரையிலிருந்து 500 அடி, ஆழம் 20 அடி, அத்தகைய பரப்பு சேர்ந்தாற்போல் 50 ஏக்கர். இவையில்லாத ஏரியில் இவ்விளையாட்டு கூடாது. அதே விதியில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. நீர்ப்பாரப் படகின் சொந்தக்காரர் ஆண்டுக்கு ஓர் ஏரியைத் தம் படகின் இல்லமாக அறிவிக்க வேண்டும். வேறு ஏரிக்குப் போக விரும்பினால், அங்கீகாரம் பெற்றவர்களிடம் படகைச் சுத்தம் செய்து சான்று வாங்கியாக வேண்டும்.

கம்பெனிகள் கட்டும் புதிய படகுகளில் நீர்த்தொட்டிகள் தரைக்கடியில் நிரந்தரமாகப் பதிந்து கிடக்கின்றன. அவற்றின் உட்புறத்தைக் கண்ணால் பார்க்கவோ கையால் துடைக்கவோ இயலாது, வெந்நீரைச் செலுத்தித்தான் சுத்தி செய்ய வேண்டும். கையால் அமைத்தவருக்கு இந்த ஒரு விஷயத்தில் கம்பெனிக்காரரைவிட அதிக சௌகரியம் உண்டு. பையின் வாய்களில் திருகாணிக்குப் பதில், திருப்பிய மாத்திரத்தில் கழன்று வரும் இணைப்பிகளை அவர் பொருத்தியிருந்தால், கரை சேர்ந்ததும் பையைக் கழற்றி வெளியே எடுத்து, தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, மடிப்பு மடிப்பாக உதறி, இரண்டு முனையும் திறந்தபடி வெயிலில் விரித்துவிடலாம். அந்த இணைப்பிகள் சற்று விலை கூடியவை. நிரப்பும் வேகத்துக்கு அவை ஒரு விநாடியைக்கூடச் சேர்ப்பதில்லை. கடைக்குப் போகிறவர் பம்பை வாங்குவதற்கு முன்னால் அவற்றை வாங்கிவிடுவது நல்லது.